ஜெயக்கொடி பின்னால் போன சட்டைகள்

செவலூரணியில் பங்குனி மாதம் இரண்டாம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, பிள்ளைகளை இறக்கிவிட்டு ஸ்கூல் வேனை அரசமரத்தடியில் நிறுத்திவிட்டு, மயில்கழுத்து நிறத்தில் புதிதாய்த் தைத்த முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மூன்று மடிப்பு மடித்துக்கொண்டு ஜெயக்கொடி தெற்குத் தெருவில் நடந்து வந்தபோது, தெருவின் இரண்டு பக்கமும் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஆம்பளைச் சட்டைகள் எல்லாம் கிளிப்பை உதறிவிட்டு இறங்கி அவள் பின்னால் போயின.

காற்று கிடையாது. வேப்பிலை ஒன்றுகூட அசையவில்லை. கூட்டுறவுச் சங்கச் செயலாளரின் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை முதலில் இறங்கியது, அதன் பின்னால் கணக்கு வாத்தியாரின் கட்டம் போட்ட சட்டை, அதன் பின்னால் போன மாதம் கல்யாணமான பையனின் சந்தன நிறப் பட்டுச் சட்டை, அதன் பின்னால் கொத்தனாரின் சிமெண்ட் கறைச் சட்டை, பிறகு போலீஸ்காரரின் காக்கி, பிறகு கோடு போட்டதும் பூப்போட்டதும் அரைக்கையும் முழுக்கையுமாக நாற்பது ஐம்பது சட்டைகள், தரைக்கு ஒரு முழம் மேலே, கைகளை வீசிக்கொண்டு, வரிசை கலையாமல் போயின. ஜெயக்கொடி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். காலரை இழுத்து நேராக்கிக்கொண்டாள். ஐம்பது சட்டைகளும் தங்கள் காலரை இழுத்து நேராக்கிக்கொண்டன. அவள் மறுபடி நடந்தாள். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த தங்கபுஷ்பம் தலையைத் தூக்கி, "போறதப் பாரு, பந்திக்குப் போற மாதிரி" என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

அந்த வரிசையில் மூன்று சட்டைகள் மைக்செட் கொம்பையாவுடையவை. ஊருக்கு அது அதிசயம், கொம்பையாவுக்கு அது துரோகம்.

கொம்பையாவுக்கு ஐம்பத்திரண்டு வயது, படிப்பு அஞ்சாங்கிளாஸ், சொத்து எட்டுக் குழாய் ஸ்பீக்கரும் ஒரு ஆம்ப்ளிஃபயரும். கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் யார் யாருக்கு என்ன முறை என்று ஊருக்குச் சொல்பவர் அவர்தான். பெண்ணுக்குப் பெரியப்பா, மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மகன், இரண்டு பக்கமும் உறவாகிப் பின்னிக் கிடக்கும் மாமன்மார், எல்லாரையும் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லிவிடுவார். அவர் வாயிலிருந்து தப்பான முறை ஒன்று வந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை. மற்றபடி அவர் மனதில் போட்டது வெளியே வராது. ஆறிய டீயைக் கொடுத்ததற்காகப் பால்துரையுடன் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. வேட்டி நுனியைத் தீய்த்ததற்காக இஸ்திரிக்கார முத்துமாலையுடன் ஏழு வருடமாக இல்லை. சொந்தத் தங்கச்சி முப்பிடாதியுடன் ஆறு வருடமாக இல்லை.

முப்பிடாதியின் புருஷன் கைக்குழந்தையோடு அவளை விட்டுவிட்டு ஓடிப்போன வருடம், கொம்பையா தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னார். அவள் வரவில்லை. மூன்று மாதம் கழித்து, வேன் ஓட்டுகிற ஜெயக்கொடி பெட்டியோடு அவள் வீட்டுக்கு வந்து இருந்துகொண்டாள். இரண்டு பெண்கள் சேர்ந்து இருப்பதில் கொம்பையாவுக்கு என்ன குறை என்று கேட்டால் அவரே சொல்ல மாட்டார். குறை வேறு. ஊரார் சேதியை எல்லாம் ஊருக்குச் சொல்கிற மனுஷனுக்குத் தன் தங்கச்சி வீட்டுச் சேதி பால்துரை கடையில், அதுவும் மூன்றாவது ஆளாகத் தெரியவந்தது. அன்றைக்கே முப்பிடாதி வாசலில் போய் நின்று, "இனி இந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு மிதிக்கவும் இல்லை.

முதல் நாள் சட்டைகளுக்கு என்ன ஆகுமோ என்று ஊர் பயந்தது. ஆண்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு தெருமுக்கில் கூடி நின்றார்கள். ஜெயக்கொடி வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்மேல் சட்டைகள் வரிசையாக உட்கார்ந்து, அவள் வேன் துடைப்பதையும் ஷூவுக்குப் பாலிஷ் போடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தன. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தாமாக எழுந்து அவரவர் வீட்டுக்குத் திரும்பின. விட்டுப்போன பட்டன் ஒட்டியிருந்தது, காலர் நிமிர்ந்திருந்தது, அக்குள் கிழிசல் மூடியிருந்தது. கணக்கு வாத்தியார் தன் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, பத்து வருடமாகக் கூனிக்கொண்டிருந்த முதுகை நிமிர்த்தி, மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அந்த அம்மாள் பயந்துபோய் அவருக்குத் திருநீறு பூசிவிட்டாள்.

அடுத்த வாரத்துக்குள் அது வழக்கமாகிவிட்டது. பெண்கள் சட்டைக்குக் கிளிப் போடுவதை விட்டார்கள். போலீஸ்காரர் புகார் எழுத வந்து, "சட்டைகள் தாமாகவே சென்றன" என்று எழுதி முடிப்பதற்குள் அவருடைய இரண்டாவது காக்கியும் போலீஸ் குடியிருப்புக் கொடியிலிருந்து இறங்கிப் போனதால், காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இஸ்திரிக்கார முத்துமாலை மூன்று நாள் கோபமாக இருந்தார், நாலாம் நாள் தன் மேசையை ஜெயக்கொடி வீட்டுச் சுவரோரம் கொண்டுவந்து போட்டு, வருகிற சட்டைகளுக்குத் தண்ணீர் தெளித்து வரவேற்றார். பெண் பார்க்க வந்த இடத்தில், "பையன் சட்டை போகுதா?" என்று கேட்டார்கள். போகாத பையனுக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள். ஓட்டுக் கேட்டு வந்த ஒருவரின் வெள்ளைச் சட்டை நாள் முழுக்கக் கொடியிலேயே தொங்கியது. அவர் அந்தத் தெருப் பக்கம் அப்புறம் வரவில்லை.

ஆண்களெல்லாம் ஜெயக்கொடியைப் புதிதாகப் பார்த்தார்கள். நாற்பத்தொரு வயது, ஒட்ட வெட்டி வகிடெடுத்துச் சீவிய முடி, உள்மணிக்கட்டில் கடிகாரம், பாக்கெட்டில் ஒரு மைப்பேனா, கத்தி வைத்தால் வழுக்கும் பேண்ட் மடிப்பு, மழைக் காலத்திலும் சேறு ஒட்டாத பழுப்பு நிற ஷூ. இருபது வருடமாக இதே தெருவில் இப்படித்தான் நடந்தாள், அப்போது கண்ணில் படவில்லை. இப்போது சலூனில் அவளை மாதிரி வகிடு வேண்டும் என்று கேட்டார்கள். ஆனால் அவளை என்னவென்று கூப்பிடுவது என்றுதான் ஊருக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் வேன் சார் என்றார்கள். போலீஸ்காரர் மேடம் என்றார். கொத்தனார் அண்ணாச்சி என்று ஆரம்பித்து அக்கா என்று முடித்தார். தங்கபுஷ்பம் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லாமல் "ஏ மிடுக்கு" என்று கூப்பிட்டாள்.

எல்லார் சட்டையும் ஐந்து மணிக்குத் திரும்பியது. கொம்பையா சட்டைகள் திரும்பவில்லை. முதல் நாள் மூன்று போயின, இரண்டாம் நாள் இரண்டு, சனிக்கிழமைக்குள் பீரோவில் ஒரு பழுப்புச் சட்டை மட்டும்தான் மிச்சம். அவர் பனியனோடு திண்டாடுவதைப் பார்த்து அவர் மனைவி தெய்வானை சிரித்தாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போன சட்டை உடனே வருமா? விருந்து சாப்பிட்டுத்தான வரும்."

"பிடிச்சிக் கட்டிப் போட்டிருக்கணும்."

"சட்டைக்கு இருக்க பாசங்கூட உங்களுக்கு இல்லையே, அதச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தக் கடைசிச் சட்டையை விட்டுவிடக் கூடாது என்று முடிவு செய்தார். கழுத்துப் பட்டன் வரை போட்டு, வேட்டிக்குள் விட்டு, மேலே பெல்ட்டை இறுக்கினார். சட்டைக்குள் தானே இருக்கும்போது அது எங்கே போகும் என்பது அவர் எண்ணம். பத்து மணிக்குத் தோள் பக்கம் ஒரு இழுப்பு வந்தது. வாசல் தூணைப் பிடித்தார். சட்டை பொறுமையாக அவர் விரல்களைத் தூணிலிருந்து உருவியது. பிறகு அவர் பெருவிரல் நுனிகளால் தரையைத் தொட்டும் தொடாமலும் கிழக்குத் தெருவைக் கடந்து, பால்துரை கடையைக் கடந்து, கோயில் முக்கைக் கடந்து போனார்.

"என்ன அண்ணாச்சி, தங்கச்சி வீட்டுக்கா?" என்று கேட்டார் பால்துரை, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக.

"நான் போவல வே. இது போவுது" என்று கொம்பையாவும் வாய் தவறிப் பதில் சொல்லிவிட்டார்.

சட்டை அவரைக் கொண்டுபோய் மற்றச் சட்டைகளுக்கு நடுவில் காம்பவுண்டுச் சுவர்மேல் உட்காரவைத்தது. எழுந்திருக்கப் பார்த்தார், விடவில்லை. வாசலைத்தான் மிதிக்க மாட்டேன் என்று சொன்னோம், சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, முகத்தைத் தெருப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். முப்பிடாதி ஒரு செம்பு மோரைக் கொண்டுவந்து சுவர்மேல் வைத்துவிட்டுப் போனாள். அவர் பாதி குடித்துவிட்டு, "உப்பு கூட" என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். முப்பிடாதியின் மகள் தர்ஷிகா, ஏழு வயதுப் பிள்ளை, கீழே நின்று அண்ணாந்து பார்த்தது.

"மாமா, நீங்களும் காயுதீங்களா?"

அவர் பிள்ளையின் காதைத்தான் பார்த்தார். ஓட்டை இல்லாத வெறுங்காது.

முருங்கை மரத்தடியில் ஜெயக்கொடியைப் பார்க்க வந்த சிநேகிதிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தூத்துக்குடி பெர்னதெத், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள், கறுப்பு வெயிஸ்ட்கோட்டும் கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சிவப்பு போ-டையும் கட்டியிருந்தாள். இன்னொருத்தி கோவில்பட்டி லீலாவதி, காலேஜ் ஆபீஸில் கிளார்க், வெள்ளைச் சட்டைக்கு மேல் தோள்வார் மாட்டிய பேண்ட். இருவருமே ஜெயக்கொடியைப் போலப் பெண்ணை விரும்புகிற பெண்கள். லீலாவதி கையில் போனை வைத்துக்கொண்டு எதையோ நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"நம்ம குரூப்புல ஒவ்வொருத்தி பேருக்குப் பக்கத்துலயும் அவ என்னங்கிற சொல்ல எழுதணும். நான் சாஃப்ட் புட்ச்னு போட்டுட்டேன்."

"அப்படின்னா?" என்றாள் ஜெயக்கொடி.

"ஆம்பள உடுப்புல மிடுக்கா நடக்கிறவளுக்குப் புட்ச்னு பேரு. அதுல கொஞ்சம் மென்மையானவ சாஃப்ட்."

"நேத்து எலியப் பாத்துட்டு ஆபீஸ் மேசை மேல ஏறினியாமே, அதுக்குப் பேரு என்ன?" என்றாள் பெர்னதெத்.

"அது எலிக்குப் பயம். அத எழுத வேண்டாம். ஒனக்கு என்ன போட?"

"எனக்கு டாப்பர்னு போடு. நறுவிசா உடுத்துறவன்னு அர்த்தம். துறைமுகத்துல பெரிய ஆபீசரே எங்கிட்டதான் டை கட்டக் கேட்டுட்டுப் போறாரு."

"டாப்பர்ங்கிறது உடுப்பு. நீ யாருங்கறதுக்கு ஒரு சொல்லு வேணும்."

"உடுப்ப எடுத்துட்டா நான் யாருன்னு எங்க அம்மாவுக்கே தெரியாது, பட்டியலுக்கு என்ன தெரியப்போவுது."

"ஜெயாக்கா, நீங்க சொல்லுங்க. ஸ்டட், ஸ்டெம், டாம்பாய், ஆண்ட்ரோ, இதுல எது?"

ஜெயக்கொடி ஷூ துடைத்த துணியை மடித்தாள். "எல்லாத்தையும் ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்துட்டேன் லீலா. ஒண்ணு தோள்ல பிடிக்கி, ஒண்ணு இடுப்புல தொளதொளங்கு. தெருவுல திருநம்பியான்னு கேக்காவ. எங்க பெரியம்மா பேரன் ஒருத்தன் திருநம்பி, அவன் ஆம்பள, அவன ஆம்பளன்னுதான் சொல்லணும். நான் பொம்பளதான். சட்டை எனக்குப் பொருந்துது, அவ்வளவுதான்."

"அப்ப காலியா விடவா?"

"விடு. காத்து வரட்டும்."

மூவரும் சிரித்தார்கள், சுவர்மேல் இருந்த சட்டைகள் எல்லாம் குலுங்கின, கொம்பையாவும் சேர்ந்து குலுங்க வேண்டியதாயிற்று. ஆனால் அவருக்கு ஒன்று உறுத்தியது. இந்தப் பெயர்கள் ஒன்றையும் மைக்கில் சொல்ல முடியாது. எல்லாம் ஒருத்தி தனியாக நிற்கும்போது அவளுக்கு வைக்கிற பெயர்கள். அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் அவளுக்கு யார் என்று ஒரு பெயரும் சொல்லவில்லையே என்று நினைத்தார். பிறகு, நமக்கென்ன, என்று தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்து மணிக்குச் சட்டை அவரை இறக்கிவிட்டது, ஆனால் தான் மட்டும் கழன்று சுவரிலேயே தங்கிவிட்டது. அவர் துண்டைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

செவ்வாய்க்கிழமை வார்டு மெம்பர் சங்கரவடிவு மைக்செட் சொல்ல வந்தாள்.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை காலையில எட்டு மணிக்கு சாஸ்தா கோயில்ல காதுகுத்து. எட்டுக் குழாயும் கட்டிரும்."

"யாரு பிள்ளைக்கு?"

"தர்ஷிகாவுக்கு."

கொம்பையா ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்தினால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். தாய்மாமன் மாலை போட்டுக்கொண்டு பலகையில் உட்காராமல் ஆசாரி ஊசியைத் தொட மாட்டார். தர்ஷிகாவுக்கு மூன்று வயதில் குத்தியிருக்க வேண்டும், தவறிப்போனால் ஐந்தில். இரண்டு தடவையும் முப்பிடாதி ஆள் மேல் ஆள் அனுப்பினாள், கொம்பையா போகவில்லை. நேரில் வந்து கெஞ்சட்டும் என்று இருந்தார்.

"யாரு மடி?" என்று கேட்டார்.

"ஜெயக்கொடி மடி. ஊர்ல பேசி முடிவு பண்ணியாச்சி. மாமன் வராத பிள்ளைக்கு மாமன் முறைக்கு ஒருத்தரு வேணும்லா. ஜெயக்கொடிய தாய்மாமனா உக்கார வச்சி, மாலை, பட்டு வேட்டி, தலப்பாக் கட்டு, எல்லாம் ஊர் செலவு."

"பொம்பள மடியிலயா?"

"அம்பது சட்டை அவளத் தேடிப் போவுது. ஒம்ம உடம்புல ஒம்ம சட்டையே நிக்க மாட்டேங்கு. பேசாம வந்து குழாயக் கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

தெய்வானை அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "பள்ளிக்கூடத்துல பிள்ளைய மூளிக்காதுன்னு கூப்பிடுதாவளாம்."

"என்னைக் கூப்பிட்டா போவ மாட்டனா."

"ரெண்டு தடவ கூப்பிட்டா. வாசல மிதிக்க மாட்டேன்னு சொன்னவர மூணாவது தடவையும் கூப்பிட அவளுக்கென்ன ரோசம் இல்லையா? ஒங்க கூடப் பிறந்தவதான?"

மத்தியானம் முழுக்க அவர் ஆம்ப்ளிஃபயரைத் துடைத்தார். வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டியதை வெறும் வாயால் சொல்லிப் பார்த்தார். "குழந்தையின் தாய்மாமன்" வரை வந்தது. அதற்கு மேல் நாக்கு நகரவில்லை. தன் வாயால், தன் மைக்கில், தன் எட்டுக் குழாயில், தன் மடியை இன்னொருத்திக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று மைக்செட்டை மறுத்துவிடலாம் என்று பார்த்தால், அப்போது பிள்ளையின் காதுகுத்தைப் பார்க்கக்கூட முடியாது.

வெள்ளிக்கிழமை காலை ஊரில் ஒரு ஆண் உடம்பிலும் சட்டை இல்லை. எல்லாச் சட்டையும் விடிந்ததுமே கிளம்பி, சாஸ்தா கோயில் புளியமரத்துக் கிளைகளில் இடம் பிடித்துவிட்டன. வெறும் மேலோடும் துண்டோடும் ஆண்கள் கீழே நிற்க, மேலே நிறம் நிறமாகச் சட்டைகள் கையை ஆட்டிக்கொண்டிருக்க, பார்க்கிறவர்களுக்குக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த மாதிரி ஒரு சந்தோஷம் தொற்றிக்கொண்டது. கொம்பையா வயக்காடு வரை கேட்கும்படி எட்டுத் திசைக்கும் எட்டுக் குழாயைக் கட்டி, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். ஆசாரி பலகைக்கு முன்னால் சந்தனத்தையும் தங்கக் கம்பியையும் எடுத்து வைத்தார்.

ஜெயக்கொடி வந்தாள். வெள்ளை லினன் சட்டை, வெண்ணெய் நிறத்தில் வெயிஸ்ட்கோட், வேன் சாவி தொங்காத இடுப்பு. கோயில் எல்லையில் ஷூவைக் கழற்றி ஜோடி சேர்த்து வைத்தாள். பக்கத்தில் கிளிப்பச்சைச் சேலையில் முப்பிடாதி, நடுவில் பட்டுப் பாவாடையில் தர்ஷிகா. பின்னால் பெர்னதெத்தும் லீலாவதியும், கூடவே எட்டத்துப் பட்டணங்களிலிருந்து வந்த ஏழெட்டுப் பேர், ஒருத்தியைவிட ஒருத்தி மடிப்புக் கலையாமல். புளியமரம் முழுக்க ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

சங்கரவடிவு மாலையை எடுத்துக்கொண்டு வந்தாள். கொம்பையா ஜெயக்கொடியின் முகத்தைப் பார்த்தார். விசேஷ வீட்டில் ஆம்பளைப் பக்கமா பொம்பளைப் பக்கமா என்று தெரியாமல் இத்தனை வருடமும் அவளை நேராகப் பந்திக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஊர், இன்று நடுப்பலகையைத் துடைத்துப் போட்டிருக்கிறது. அவள் கண் அந்த மாலையில் நின்றது. அவளுக்கு அது வேண்டும் என்று பார்த்தாலே தெரிந்தது. அதைப் பார்த்து அவருக்கு ஆத்திரமாகவும் இருந்தது, ஏனோ கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

"கழுத்த நீட்டு" என்றாள் சங்கரவடிவு.

ஜெயக்கொடி ஓரடி பின்னால் நகர்ந்தாள். "நான் உக்காரல அக்கா."

"என்னது?"

"இதுல உக்காந்தா நான் தாய்மாமன். தாய்மாமன்னா முப்பிடாதிக்குக் கூடப் பிறந்தவ. இது எனக்கு வேண்டாம்."

கூட்டம் யோசித்தது. ஊர் இவ்வளவு பேசி, இவ்வளவு ஆசையாக மாலை கட்டி, ஒருவர்கூட இதை யோசிக்கவில்லை என்பது ஒவ்வொரு முகமாகத் தெரியவந்தது. கணக்கு வாத்தியார் விரலை மடக்கி முறையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "சரிதான், தப்பா வருது" என்றார். கொம்பையாவின் நாக்கு செவ்வாய்க்கிழமை ஏன் நகரவில்லை என்று அவருக்கே இப்போதுதான் புரிந்தது. ஆத்திரத்தில் இல்லை. முறை தப்பு, அதனால் வரவில்லை.

"பின்ன நீ யாருன்னு சொல்லிரு" என்றாள் சங்கரவடிவு, மாலையைக் கீழே வைக்கவும் முடியாமல் போடவும் முடியாமல்.

உடனே சிநேகிதிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். லீலாவதி போனைத் திறந்தாள். புட்ச் என்றாள், ஸ்டெம் என்றாள், துணைவர் என்றாள். துணைவருங்கறது பேங்க் பாரத்துல வர்றது என்றாள் பெர்னதெத். ஏழெட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் திருத்தினார்கள். தங்கபுஷ்பம், "மிடுக்குன்னு போட்டாப் போவுது" என்றாள். ஆசாரி கம்பியை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டு, "நல்ல நேரம் இன்னும் பத்து நிமிசம்" என்றார். பிறகு அவரே சலித்துப்போய் முப்பிடாதியிடம் திரும்பினார்.

"தாயி, ஒம் பிள்ளைக்கு நடக்குற விசேஷம். நீ சொல்லு. இவிய பேரு என்ன, ஒனக்கு என்ன முறை?"

முப்பிடாதி வாயைத் திறந்தாள். மூடினாள். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. ஜெயக்கொடியை முழங்கையால் இடித்து, "நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"பேரச் சொல்லுறதுக்கு என்ன தாயி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு மாட்டேன் என்று ஆட்டினாள். சேலைக்குள் சிரிப்பு குலுங்கியது.

முதலில் தங்கபுஷ்பத்துக்குத்தான் பிடிபட்டது. "ஏட்டி" என்றாள், பக்கத்தில் நின்றவளைக் கிள்ளினாள், கிள்ளு வாங்கியவள் அடுத்தவளைக் கிள்ளினாள், அப்படியே பெண்கள் பக்கம் முழுக்கக் கிள்ளும் சிரிப்பும் ஓடியது. அந்த ஊரில் பெண்கள் ஒரே ஒருவர் பெயரைத்தான் வாயால் சொல்ல மாட்டார்கள். ஓடிப்போனவன் பெயரை முப்பிடாதி போலீஸ் ஸ்டேஷனிலும் பஸ் ஸ்டாண்டிலும் அடைமொழியோடு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். கல்யாணம் ஆன முதல் வாரத்திலேயே அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கொம்பையாவிடமே திட்டு வாங்கியவள். இப்போது ஊரே கேட்கிறது, பேர் வாயில் நிற்கிறது, வெளியே வரவில்லை.

லீலாவதி போனை அணைத்துப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

பலகை இன்னும் காலியாகத்தான் இருந்தது. எல்லாரும் கொம்பையாவைப் பார்த்தார்கள். மைக் அவர் கையில்தான் இருந்தது, அவர் வாயால் முறையைச் சொன்னால் முடிந்துவிடும். அவர் சொல்லவில்லை. ஆறு வருடத்தை ஒரு வார்த்தையில் தூக்கிக் கொடுக்க அவருக்கு மனது வரவில்லை. மைக்கை இடுப்பில் செருகிக்கொண்டு, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வந்து பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சங்கரவடிவு அவர் மனது மாறுவதற்குள் மாலையை எறிகிற மாதிரி போட்டாள். முப்பிடாதி பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். வைக்கும்போது அவள் கை அவர் தோளில் ஒரு நிமிடம் நின்றது. அவர் தட்டிவிடவில்லை.

பிள்ளை பஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தார். ஏழு வயதுப் பிள்ளை கனத்தது. இரண்டு முழங்காலும் அவர் வயிற்றில் குத்தின. ஆசாரி சந்தனத்தால் காதில் பொட்டு வைத்தார், கம்பியை எடுத்தார். தர்ஷிகா கம்பியைப் பார்த்தது. மாமனைப் பார்த்தது. பிறகு செவலூரணியே இதுவரை கேட்காத ஒரு கத்துக் கத்தி, கழுத்தை ஒரு பக்கம் வளைத்து, இரண்டு காலாலும் ஆசாரியை உதைத்தது. சந்தனக் கிண்ணம் உருண்டது. கொம்பையா தலையைப் பிடித்தால் கால் போனது, காலைப் பிடித்தால் தலை போனது.

முப்பது வருடத்தில் மைக்கை மூட மறக்காத கொம்பையா, அன்று மூடாமல்தான் இடுப்பில் செருகியிருந்தார். அது அவருக்குத் தெரியாது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சின்னக் குரலில்தான் சொன்னார்.

"மாப்ளே, நிக்கியளே, காலப் பிடிங்க."

எட்டுக் குழாயும் அதை எட்டுத் திசைக்கும் சொல்லின. வயக்காட்டில் மடை திறந்துகொண்டிருந்தவன் மண்வெட்டியை ஊன்றி நின்றான். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பினார்கள். கடையில் கல்லாவை விட்டு வர முடியாமல் இருந்த பால்துரை, கையில் இருந்த டீயை ஆற்றாமல் அப்படியே வைத்தார். மாப்ளே, காலப் பிடிங்க என்று கரட்டு மலையில் முட்டித் திரும்பி வந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் கொம்பையா இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு கையும் பிள்ளையிடம் இருந்தன, மூடவும் முடியவில்லை. காது மடல் சூடாக, தலையைக் குனிந்துகொண்டார்.

ஜெயக்கொடி வெயிஸ்ட்கோட் மண்ணில் படுகிறதே என்றுகூடப் பார்க்காமல் முழங்காலிட்டு உட்கார்ந்து, பிள்ளையின் இரண்டு பாதத்தையும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவள் குரலும் குழாயில் வந்தது.

"பிடிச்சிட்டேன் மச்சான். நீங்க தலைய ஆடாமப் பிடிங்க."

"ஆறு வருசமாச் சொல்லாம இருந்துட்டு" என்று கொம்பையா முனகினார். "பால்துரை கடையில தெரிஞ்சிக்கிட வேண்டியதாப் போச்சி."

"நீங்கதான் வாசலுக்கு வரல."

"சரி சரி, அழுத்தமாப் பிடிங்க. ஒங்க பிள்ள என்னா உதை உதைக்கி."

ஊரே கேட்டுக்கொண்டு நின்றது. ஆசாரி அந்த நேரம் பார்த்துக் கம்பியை இறக்கினார், புளியமரத்திலிருந்து நூறு சட்டைக் கைகள் படபடவென்று தட்டின, பிள்ளையின் அழுகை அதற்குள் கேட்காமல் போயிற்று. தங்கபுஷ்பம் குலவை போட்டாள். முப்பிடாதி முந்தானையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஒரு காது ஆச்சி" என்றார் ஆசாரி, ரத்தத்தைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டே. "மாமனும் மாப்பிள்ளையும் விட்டுராதீங்க. இன்னொரு காது இருக்கு."

இருவரும் விடவில்லை.